க்யூ எழுத்தை விழுங்கிய குவார்ட்டர்

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓர் அகராதியில், செருப்பின் பின்பக்கத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக ‘கொஸ்டின்’ என்ற சொல்லை வெளியே அனுப்பிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, நான்தான். அதோடு நிற்கவில்லை. ‘குயிக்’, ‘குவையட்’, ‘க்யூ வரிசை’ எல்லாவற்றையும் அனுப்பினேன். ‘குவீன்’ போனபோது ராணி என்றுகூடப் பார்க்கவில்லை.

அகராதி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு உருப்படியாக ஏதாவது எழுதித் தரும்படி பத்மினி கேட்டார். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். ஓய்வு வாங்கும் வயது எனக்கு இன்னும் ஆகவில்லை. முதுகு கேட்டது, கொடுத்துவிட்டேன். உருப்படியாக நான் செய்தவை கொஞ்சம். அவற்றில் உங்களுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. உருப்படாமல் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகம் மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே அவர் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் மேலே எங்கள் காற்புள்ளிகள் நடுங்கும். ஆங்கிலச் சொல்லுக்குக் கன்னடத்திலும் தமிழிலும் பொருள் சொல்லும் பள்ளி அகராதிதான் எங்கள் சரக்கு. மாநில எல்லையோரம் ஹனூர், கௌதள்ளி பக்கத்தில் வீட்டில் தமிழ், வகுப்பில் கன்னடம், கனவில் ஆங்கிலம் என்று மூன்று மொழியோடு குடித்தனம் நடத்தும் பிள்ளைகள் நிறைய. அங்கே சில பள்ளிகளை நடத்தும் ஒரு ட்ரஸ்ட், வகுப்பறையில் கைபேசியைத் தடை செய்துவிட்டு, பதிலுக்கு ஆளுக்கொரு அகராதி வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்த ஆர்டர் வந்தால் அலுவலகம் நடக்கும். வராவிட்டால் மாடியையும் தானே எடுத்துக்கொள்வதாக மெக்கானிக் வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் டேப்போடு வந்து என் மேஜை இருக்கும் இடத்தை அளந்துவிட்டும் போனார்.

இப்படி ஓர் ஆர்டருக்கு டம்மி தயாரிப்பது வழக்கம். அசல் அட்டை, அசல் தடிமன், உள்ளே பெரும்பாலும் வெற்றுத்தாள். நடுவில் ஒரே ஒரு பாரத்தை, அதாவது மடித்தால் பதினாறு பக்கம் வரும் ஓர் அச்சுத்தாளை மட்டும் அச்சடித்துச் சேர்த்திருப்போம். வாங்குகிறவர் அதைப் பார்த்து முழுப் புத்தகத்தையும் கற்பனை செய்துகொள்ள வேண்டும். எங்கள் எடிட்டர் அதற்கு க்யூ எழுத்தைத் தேர்ந்தெடுத்தார். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார் என்பதால் எடிட்டர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

“ஒரு எழுத்தை ஆரம்பத்திலேர்ந்து முடிவுவரைக்கும் முழுசா காட்டணும்” என்றார். “ஒரு பாரத்துக்குள்ள அடங்கணும். க்யூதான் தோது.”

“எக்ஸ் இன்னும் சின்னது சார்.”

“எக்ஸ்ல எக்ஸ்ரேயை விட்டா வேற என்ன இருக்கு? ஆஸ்பத்திரிக்கா விக்கப் போறோம்? க்யூவை நீங்க பாருங்க. அதுல தப்புப் பண்ண இடமே கிடையாது.”

இதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

முதல் நாலு நாள் ஒழுங்காகத்தான் இருந்தேன். குவாக், குவாட்ரன்ட், குவெய்ல் என்று வாத்தையும் காடையையும் ஓட்டிக்கொண்டு அமைதியாகப் போனேன். பிறகு ‘குவார்ட்டர்’ வந்தது.

நான் பிறந்து வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். அந்தச் சொல்லுக்குள்ளேயே குடியிருந்தவன் என்று சொல்லலாம். முழு வீட்டை ஏன் கால் என்கிறார்கள் என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். “மீதி முக்கால்ல உங்கம்மா சாமான் அடைச்சு வெச்சிருக்கா” என்றார். அந்த விளக்கம் நாற்பது வருடம் போதுமானதாக இருந்தது. இப்போது சம்பளம் கொடுத்து இதை ஆராயச் சொல்கிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

லத்தீனில் நான்காவது என்று பொருள்படும் ஒரு சொல், பிரான்ஸ் வழியாக இங்கிலாந்து வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் சும்மா இருந்ததா? நான்கில் ஒரு பங்கு குவார்ட்டர். சரி. திசைகள் நான்கு, ஆகவே ஒரு திசையும் குவார்ட்டர். அந்தத் திசையில் இருக்கும் பேட்டையும் குவார்ட்டர். அந்தப் பேட்டையில் சிப்பாய்க்குத் தங்க இடம் ஒதுக்கினால் குவார்ட்டர்ஸ். சண்டையில் தோற்றவனைக் கொல்லாமல் விட்டால் அவனுக்குக் குவார்ட்டர் கொடுத்ததாகப் பெயர். பிடிபட்டவனுக்குத் தங்க இடம் கொடுத்ததிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள், சத்தியம் செய்ய ஆளில்லை. கொன்றேதான் தீருவேன் என்று உடலை நான்காக வெட்டினால் அதற்கும் அதே சொல். உயிர்ப்பிச்சையும் அதுதான், வெட்டிப் போடுவதும் அதுதான். கசாப்புக் கடையில் தொங்குவதும் அதுதான். கப்பலின் பின்பக்க விலா குவார்ட்டர். எடைக்கல்லில் இன்னும் விசேஷம்: வெள்ளைக்காரன் நூறு என்று பெயர் வைத்த எடை நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு இருக்கும், அதில் கால் இருபத்தெட்டு. வானத்தில் பாதி நிலா தெரிந்தால் அதற்கு முதல் குவார்ட்டர் என்று பெயர்.

காலையில் எங்கள் மைசூர் ஹெப்பாள் பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருவர் நிற்பார். அவருக்கு மாதம் கிடையாது, தசரா கிடையாது, மழைக்காலம் கிடையாது. வருடத்துக்கு நாலு குவார்ட்டர், அவ்வளவுதான். வீட்டில் எப்போது விசேஷம் என்று கேட்டால், “க்யூ த்ரீல சார்” என்பார். அவரையும் பதிவில் சேர்த்தேன்.

சொந்தக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். கல்லைச் சதுரமாக வெட்டும் இடம் என்பதால் ‘குவாரி’ ஒரு வகையில் ஒன்றுவிட்ட சகோதரி. சதுரமாக நின்ற படையிலிருந்து வந்த ‘ஸ்க்வாட்’ மைத்துனன். வெனிஸ் துறைமுகத்தில் கப்பலை நாற்பது நாள் நிறுத்தி வைத்ததால் ‘குவாரன்டைன்’ தூரத்து உறவு. நாம் அதோடு வீட்டிலேயே சேர்ந்து இருந்திருக்கிறோம். ‘குவார்ட்ஸ்’ கல்லையும் உற்சாகத்தில் பந்தியில் உட்கார வைத்துவிட்டேன். எடிட்டர் எட்டிப் பார்த்து, “அவன் ஜெர்மன்காரன், உறவு இல்ல” என்று எழுப்பி அனுப்பினார்.

பத்மினிக்கு அப்போது எஸ் எழுத்து. ‘செட்’ என்ற ஒரே சொல்லோடு மூன்று வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மைசூர்க்காரர், வீட்டில் கன்னடம், எங்களோடு பேசும்போது தமிழ் என்று அவர் நம்பும் ஒரு மொழி.

“ஏன் சார், இது டிக்‌ஷனரியா, நிம்ம ஆத்மகதெயா?” சுயசரிதையா என்று கேட்கிறார்.

“கேளுங்க பத்மினி, செருப்புல கணுக்காலைச் சுத்தி வர்ற பின்பாகம் இருக்கில்ல, அதுக்கும் குவார்ட்டர்னு...”

“பேடா சார். வேண்டாம். நான் ஊட்டாவுக்குப் போறேன்.” சாப்பிடப் போய்விட்டார்.

குவார்ட்டர் இரண்டரைப் பக்கம் வந்தது. க்யூவுக்கு மொத்தமே ஐந்து பக்கம், பாரத்தில் மீதியெல்லாம் முன்னால் வரும் பி-க்கும் பின்னால் வரும் ஆர்-க்கும். பாரத்தில் ஒரு வரி கூடினாலும் எங்காவது ஒரு வரி குறைய வேண்டும். செருப்பைக் குறைக்க மனம் வரவில்லை. கப்பலைக் குறைத்தால் கடல்வழி வணிகத்துக்கே துரோகம். அப்போது, நல்ல புத்தி சுவாதீனத்தோடு, ஒரு முடிவுக்கு வந்தேன். அகராதியை எதற்குப் புரட்டுகிறோம்? தெரியாத சொல்லுக்காக. ‘குவீன்’ என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை உண்டா? ‘குயிக்’? ‘கொஸ்டின்’? தெரிந்த சொற்கள் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரியாத சொற்களுக்குச் செய்யும் அநியாயம். ஒவ்வொன்றாக எழுப்பி அனுப்பினேன். சமூகநீதி செய்த திருப்தி.

பத்மினி மெய்ப்புப் பார்த்தார். ஒரு பிழை இல்லை. எப்படி இருக்கும்? இதை மட்டும் கவனியுங்கள்: மெய்ப்புப் பார்க்கிறவர் பக்கத்தில் இருப்பதைத்தான் பார்ப்பார். விட்டுப்போனது எந்தப் பக்கத்திலும் இருக்காது. அதைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு கண் வர வேண்டும். அந்தக் கண் பெரும்பாலும் புத்தகத்தை வாங்க வந்தவருடையதாக இருப்பதுதான் நம் தொழிலின் சங்கடம்.

ட்ரஸ்டிலிருந்து வருகிற நாள். பத்மினி காபியோடு டம்மியைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“சார், ‘குவெஸ்ட்’ இருக்கு. அடுத்து நேரா ‘குவிபிள்’. நடுவுல கொஸ்டின் எல்லி? எங்க?”

“அதை விட்டுட்டேன்.”

“மறந்துட்டீங்களா?”

“இல்ல. யோசிச்சுத்தான்.”

பத்மினி காபியைக் கீழே வைத்தார். “மறந்திருந்தா பரவால்ல சார். மனுஷங்க மறப்பாங்க. யோசிச்சீங்களா?”

படியில் காலடி கேட்டது. எடிட்டர் தன் அறையிலிருந்து வந்து, பக்கத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, அளந்து வைக்கப்பட்ட என் மேஜையைப் பார்த்தார். குரல் மாறவில்லை.

“பொய் சொல்லாதீங்க. அச்சகத்துமேல பழி போடாதீங்க. மிச்சம் உங்க சாமர்த்தியம்.”

இதைவிட நல்ல தொழில் அறிவுரையை நான் பிறகு கேட்டதில்லை. அந்த நிமிடத்தில் அது எனக்குத் துளியும் உதவவில்லை.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கௌதள்ளிப் பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியை. எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். இன்னொருவர் ட்ரஸ்டி மாதையன், கொள்ளேகாலில் பட்டுக்கூடு வாங்கி விற்கிறவர். அன்றைக்கென்று பாலிஷ் போட்ட புது ஷூவில் வந்திருந்தார்.

என் திட்டம் எளிமையானது. டம்மியை நானே குவார்ட்டர் பக்கத்தில் திறப்பேன். அங்கிருந்து நகர விடாமல் பேசிக்கொண்டே இருப்பேன், ஆர்டர் வரும்வரை, அல்லது பஸ்ஸுக்கு நேரமாகும்வரை. ஆரம்பித்தேன். திசையில் தொடங்கி, சிப்பாய்க்குத் தங்க இடம் கொடுத்து, எதிரியை மன்னித்து, நிலாவுக்கு ஏறினேன். மாதையன் கையைத் தூக்கினார்.

“இருங்க. பாதி தெரியுதுங்கறீங்க. அப்பறம் கால்ங்கறீங்க.”

“நிலா பூமியைச் சுத்தற வழியில கால்வாசி தூரம் வந்தாச்சு. அதான் கணக்கு.”

“கண்ணுக்குப் பாதியக் காட்டிட்டு பேருல கால்னு எழுதறது. மார்க்கெட்ல நான் இப்புடிப் பண்ணா கூட்டத்துல வெச்சு அடிப்பாங்க.” அவருக்குப் பயங்கர சந்தோஷம். “அடுத்தது சொல்லுங்க.”

செருப்பு வந்தது. அவர் நம்பவில்லை. இதில் எது குவார்ட்டர் என்று குனிந்து பார்த்தார், தெரியவில்லை, கழற்றி மேஜைமேல் வைத்தார். முன்பக்கம் வேறு, லேஸ் துளைக்குப் பின்னால் தொடங்கிக் குதிகாலைச் சுற்றி வருவதுதான் குவார்ட்டர் என்றேன். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, ஆக ஒரு ஜோடியில் நான்கு என்று அவரே எண்ணிக் கண்டுபிடித்துவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க என் ஷூவைக் கேட்டார். கொடுத்தேன். என்னுடையதில் தையல் வேறு மாதிரி இருந்ததால் விவகாரம் வளர்ந்தது. தீர்ப்புக்காக எடிட்டர், வாழ்நாள் முழுக்க அகராதி செய்த மனிதர், ஒற்றைக் காலில் நின்று தன் ஷூவையும் கழற்றினார். டீ கொண்டுவந்த ஆள் மூன்று பேர் கையிலும் ஷூவைப் பார்த்துவிட்டு, அடி வாங்கப்போவது யார் என்று தெரியும்வரை வாசலிலேயே நின்றார்.

டீச்சர் மட்டும் அசையவில்லை. தன் காலைப் பார்த்தார்.

“என் செருப்புல அந்தப் பாகமே இல்லீங்களே.”

“இது வார் வெச்ச செருப்பு டீச்சர். இதுல வராது.”

“எங்க பசங்க பாதிப் பேரு போட்டுட்டு வர்றதுலயும் வராதுங்க.” சொல்லிக்கொண்டே டம்மியை என் கையிலிருந்து மெதுவாக உருவிப் பக்கத்தைத் திருப்பினார். விரல் வரிசையாக இறங்கிப்போய் ஓரிடத்தில் நின்றது. “கொஸ்டின் எங்கீங்க?”

கீழே மெக்கானிக் ஏதோ வண்டியை முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். மேஜைமேல் மூன்று ஷூவும் சேர்ந்து நடுங்கின. பத்மினி சுவரைப் பார்த்தார். எடிட்டர் தன் ஷூவை எடுத்து மாட்டி லேஸ் கட்ட ஆரம்பித்தார்.

“வேணும்னுதான் விட்டோம் டீச்சர்” என்றேன். “நான்தான் விட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் தெரிஞ்ச வார்த்தை, யாரு தேடப்போறாங்கன்னு.”

“குவீன்?”

“அதுவும் தெரியும்னு.”

“ஏனுங்க, நீங்க பள்ளிக்கூடத்துல புது டிக்‌ஷனரி குடுத்து ஒரு வகுப்பைப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல.”

“தெரியாத வார்த்தைய ஒரு பய தேட மாட்டானுங்க. தெரிஞ்சதத்தான் தேடுவான். மாடு இருக்குதா, நாய் இருக்குதா, வாத்தியார் இருக்கறாரான்னு. இருந்துச்சுன்னா அவ்வளவு சந்தோஷம், பக்கத்துல இருக்கறவனுக்குக் காட்டுவான். பத்து தெரிஞ்ச வார்த்தையப் பாத்தப்பறந்தான் இந்த புஸ்தகம் நம்மளுதுன்னு நம்பிக்கை வரும். அப்பறம் மெதுவா தெரியாததுக்குப் போவான். நீங்க முதல் வாசலையே அடைச்சுப் போட்டீங்களே.”

நான் குனிந்து என் இரண்டரைப் பக்கத்தைப் பார்த்தேன்.

“பேனா இருக்குதுங்களா?” என்றார் டீச்சர். “இப்பவே அடிங்க. எது போகுது, எது இருக்குதுன்னு பாத்துட்டுத்தான் நான் மேல பேசுவேன்.”

பல வருடமாக அடுத்தவர் எழுதியதை வெட்டிச் சம்பாதித்த கை இது. தன் சரக்கைத் தானே வெட்ட, பார்வையாளர்களோடு உட்கார வைத்தபோது பேனா மூடியே கழலவில்லை. பத்மினி கழற்றிக் கொடுத்தார். அவ்வளவு சுறுசுறுப்பாக அவரை நான் பார்த்ததே இல்லை.

கால் பங்கு, மணி கால், வருடத்தில் கால்: இருக்கட்டும் என்றார் டீச்சர். பேட்டையும் குவார்ட்டர்ஸும் இருக்கட்டும், காட்டிலாகா குவார்ட்டர்ஸில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். இருபத்தெட்டு பவுண்டு போனது. கப்பல் போனது, ஹனூரில் கடல் இல்லை. கசாப்பு போனது. உடலை நான்காக வெட்டுவதை அடித்தபோது மாதையனே “நல்லதாப் போச்சு” என்றார். நிலா, சயின்ஸ் புத்தகத்தில் வருவதால் தப்பித்தது. உயிர்ப்பிச்சைக்கு வந்ததும் நான் கெஞ்சினேன். யுத்தக் கதைகளில் வரும், இது இல்லாமல் ஒரு பிள்ளை திகைத்து நிற்கும் என்றேன். டீச்சர் யோசித்தார். “சரி, ஒரே வரி.”

செருப்பு.

“இது மட்டும் இருக்கட்டுமே டீச்சர்” என்றார் மாதையன். ஒற்றைக் காலில் இன்னும் ஷூ போடாமல்தான் இருந்தார். “எவ்வளவு நாள் போட்டிருக்கறேன், பேரு தெரியாமயே.”

“நீங்க பள்ளிக்கூடத்துக்கு வர்றதா இருந்தா வெச்சுக்கலாமுங்க.”

அடித்தேன். பேனா அழுந்தியதில் அடுத்த பக்கத்திலும் கோடு விழுந்தது.

“இன்னொன்னு இதுல போடாம விட்டிருக்கீங்க” என்றார் டீச்சர். என்னவென்று எனக்குத் தெரியும். ஒயின்ஷாப்பில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பள்ளி அகராதியில் எழுதலாமா கூடாதா என்று எடிட்டரும் நானும் ஒரு மாலை முழுக்க வாதாடியிருந்தோம். நான் தயங்கினேன். “விட்டது நல்லதுங்க” என்றார் அவர். “எங்கூர்ல அதுக்கு டிக்‌ஷனரி தேவைப்படறதில்ல.”

அந்த அறையில் அவ்வளவு சத்தமாக யாரும் சிரித்ததில்லை. எடிட்டரின் பற்களை அன்றுதான் முழுவதுமாகப் பார்த்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் பத்மினி கொஸ்டினுக்கும் குவீனுக்கும் கன்னடத்தில் பொருள் எழுதிவிட்டார். நான் தமிழில் எழுதினேன். மிஞ்சிய இடத்தில் குயிக்கும் குவையட்டும் வந்து உட்கார்ந்தன. இரண்டரைப் பக்கத்துக் குவார்ட்டர் எட்டு வரியாகச் சுருங்கி, பார்ப்பதற்கு, ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்தாலும், நன்றாகவே இருந்தது. டீச்சர் இரண்டு தடவை படித்துவிட்டு மாதையனைப் பார்த்துத் தலையசைத்தார். ஆர்டர் எங்களுக்குத்தான் என்று மாதையன் எடிட்டரின் கையைக் குலுக்கினார்.

உங்களில் சிலர் இப்போது ஏதோ ஒரு சொல்லோடு காதலில் இருப்பீர்கள். தெரியும், முகத்திலேயே எழுதியிருக்கிறது. காதலிக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது, அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லின் பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்களா என்று அவ்வப்போது கதவைத் தட்டிப் பாருங்கள். போதும்.

அன்றைக்கு அவர்களை வழியனுப்பப் படிவரை போனேன். எனக்குள் ஒரு சின்ன ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது. நிலாவும் சிப்பாயும் சேர்ந்து எங்கேயோ அந்த அம்மாளின் மனதைத் தொட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டேவிட்டேன்.

“கொஸ்டின் இல்லன்னு தெரிஞ்சப்பவே நீங்க எழுந்து போயிருக்கலாம் டீச்சர். ஏன் உக்காந்து திருத்த வெச்சீங்க?”

டீச்சர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று வாட்சைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

“மத்த கம்பெனிக்காரங்க புஸ்தகம் எல்லாம் தடிமனுங்க, எதுவும் பசங்க பைக்குள்ள போகலீங்க” என்றார். “உங்களுது போகுது.”